கூடி எழுப்பிய கூடம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசுகிறோம், இசை கேட்கிறோம், நாடகம் கண்டு மகிழ்கிறோம். ஓவியத்தைப் பற்றி எவரும் பேசியதாக எங்கட்கு நினைவில்லை. ஓவியம் என்றால் நம் இல்லங்களில் நாட்காட்டிப் படம். அதற்கு மேற்பட்டால் பூசையறைப் படம். இதனைக் குறையாகக் கூறவில்லை. நாங்களும் அவ்வாறே வளர்ந்தவர்கள்தாம். ஆயினும் ஈராண்டுகட்கு முன் நம் காலனியில் நிகழ்ந்த ஒன்று எங்கள் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது.

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளையொருவன் ஓவியக் கல்லூரியில் சேர விரும்பினான். அவன் தந்தையார் அவனைச் சங்கத்திற்கு அழைத்து வந்து, "நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் ஐயா" என்று வேண்டிக்கொண்டார். நாங்களும் சொன்னோம். "படம் வரைந்தால் சோறு கிடைக்குமா, தம்பி?" என்று கேட்டோம். அவன் விடை கூறவில்லை, எழுந்து போய்விட்டான். இன்று பொறியியல் படிக்கிறான்.

நாங்கள் கேட்ட அக்கேள்விக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகட்கு முன்பே தமிழ் மண்ணில் விடை சொல்லப்பட்டிருந்தது. அதனைக் காலந்தாழ்ந்தே அறிந்தோம். சென்ற ஆண்டு திருமணம் ஒன்றிற்காகச் சென்னை சென்ற நம் குடும்பங்கள் சில, மாமல்லபுரம் காணப் புறப்பட்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், தேநீர் அருந்த வண்டியை நிறுத்தியபோது எதிரே ஒரு பெயர்ப் பலகை தென்பட்டது: சோழமண்டலம் ஓவியர் கிராமம். அரைமணி நேரம் என்று உள்ளே நுழைந்தோம். அன்று மாமல்லபுரம் போய்ச் சேரவேயில்லை.

மரநிழலில் கற்சிலைகளும் உலோகச் சிற்பங்களும் நிற்கின்றன. ஓவியர்களின் வீடுகள் அங்கேயே உள்ளன. சமகாலக் கலை மையம் என்னும் பெயரில் 2009-இல் திறக்கப்பெற்ற காட்சியகமும், படங்களை விலைக்கு வைத்திருக்கும் கூடங்களும் இருக்கின்றன. எங்களுடன் வந்திருந்த பாட்டியார் ஒருவர் ஒரு படத்தின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "இதில் எழுத்து இருக்கிறது, கட்டம் இருக்கிறது, யாருடைய சாதகம் இது?" என்று வினவினார். இளைஞர் சிலர் நகைத்தனர். நகைத்திருக்க வேண்டியதில்லை. அஃது கே. சி. எஸ். பணிக்கரின் படம். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில் சாதகக் கட்டங்களும், மலையாள எழுத்தை ஒத்த கோடுகளும் உண்மையாகவே இடம்பெறுகின்றன. விளக்கவுரை படிக்காமலே பாட்டியார் கண்டுபிடித்துவிட்டார்!

அந்தப் பணிக்கர்தாம் இக்கிராமத்தைத் தோற்றுவித்தவர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தையை இழந்து, குடும்பத்தைக் காக்கத் தந்தி இலாகாவில் பணிபுரிந்து, தம் இருபத்தைந்தாம் வயதில் அவ்வேலையை உதறிவிட்டு ஓவியப் பள்ளியிற் சேர்ந்தவர். நாங்கள் அப்பிள்ளையிடம் கேட்ட கேள்வியை இவரிடமும் யாரோ கேட்டிருப்பார்கள். 1850-இல் தொடங்கப்பெற்ற அச் சென்னை ஓவியப் பள்ளிக்கே பிற்காலத்தில் அவர் முதல்வரானார்.

முதல்வர் நாற்காலியில் அமர்ந்தபின் அவர் கண்டது என்ன? ஆண்டுதோறும் திறமை மிக்க மாணவர்கள் தேறி வெளியே வந்தனர். வந்தவர்கட்குப் பிழைக்க வழியில்லை. சிலர் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராயினர். சிலர் விளம்பர நிலையங்களுக்குச் சென்றனர். தூரிகையை அடியோடு மறந்தவரும் உண்டு. படத்தை வாங்குவோர் மிகச் சிலர். அச்சிலரை நம்பி உலை வைக்க இயலாது.

இதற்கு அவர் கண்ட வழி எளியது. ஓவியம் சோறு போடவில்லையெனில், ஓவியனின் கை சோறு போடட்டும் என்று துணிந்தார். மாணவர்களையும் உடன் பணியாற்றியோரையும் சேர்த்துக் கைவினைச் சங்கம் ஒன்று அமைத்தார். துணியில் மெழுகால் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தெடுக்கும் பாத்திக் வேலை அவர்கட்கு நன்கு வாய்த்தது. மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. மெழுகை நீக்கினால் கோலம் தெளியும். தோல், உலோகம் ஆகியவற்றிலும் பொருள்கள் செய்தனர். அவை விற்றன. வந்த பணத்தில் ஒரு பகுதி செய்தவருக்கு. ஒரு பகுதி பொதுநிதிக்கு. அப்பொதுநிதிதான் கடலோர மணற்பரப்பில் சுமார் 10 ஏக்கர் நிலமாயிற்று. 1966-இல் கிராமம் எழுந்தது. அரசினர் கொடையோ, செல்வர் ஒருவரின் ஆதரவோ அதற்கு அடிப்படையன்று. முற்பகலில் துணிக்குச் சாயமேற்றிய கை, பிற்பகலில் தான் விரும்பியவாறு படம் வரைந்தது. வாங்குவோரின் விருப்பத்திற்கு வளையும் பொருளைத் துணியிலேயே முடித்துக்கொண்டதனால், படம் எவர்க்கும் வளைய வேண்டியதில்லாமற் போயிற்று. இந்நுட்பத்தை எண்ணுந்தோறும் எங்கட்கு வியப்பு மிகுகிறது.

அங்கு வாழ்ந்தவருள் கே. இராமானுசம் என்பவரைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. மாளிகைகளும் பறவைகளும் பாம்புகளும் நிறைந்த கனவுலகத்தை மையினால் இழையிழையாக வரைந்தவர். பிறரோடு பழகுதற்கு இடர்ப்பட்டவர். அவரைப் பணிக்கர் அரவணைத்துக் கொண்டார், கிராமம் இடமளித்தது. எனினும் 1973-இல், முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், மறைந்துவிட்டார். கூட்டுறவு அவர்க்குக் கூரை தந்தது. எல்லாத் துயரையும் அது துடைத்துவிட்டது என்று கூற நாங்கள் துணியவில்லை.

கிராமத்திற்கும் நம் பெங்களூருக்கும் உறவுண்டு. அதனைத் தொடங்கியோருள் ஒருவரான எஸ். ஜி. வாசுதேவ், மைசூரிற் பிறந்து சென்னையிற் பயின்றவர். 1970-இல் வெளிவந்த 'சம்ஸ்காரா' கன்னடத் திரைப்படத்திற்குக் கலை இயக்குநராக விளங்கியவரும் அவரே. பின்னர் ஈஞ்சம்பாக்கத்தை விட்டுப் பெங்களூரில் குடியேறினார். நாம் தமிழகத்திலிருந்து இங்கே பிழைக்க வந்தோம். அவர் கன்னட நாட்டிலிருந்து தமிழகத்தில் வரையச் சென்றார். பணிக்கரைத் தொடர்ந்து சென்றவருள் தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் எல்லாரும் இருந்தனர். சங்கம் நடத்தும் நமக்கு இது சிந்திக்கத்தக்க செய்தி.

குறையும் உண்டு. கைவினை வேலை ஓவியனின் பொழுதைத் தின்றுவிடும் என்று ஐயுற்றோர் இருந்தனர். அவ்வையத்தை முற்றும் தள்ளிவிட இயலாது. சிலர் வெளியேறினர். 1977-இல் பணிக்கரும், 2017-இல் அவர் மைந்தர் சிற்பி நந்தகோபாலும் காலமாயினர். ஆயினும் கூடம் திறந்திருக்கிறது. வண்டியை நிறுத்தினால் எவரும் உட்சென்று காணலாம்.

இங்கு நம் நகரிலும் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமாரகிருபா சாலையில் சித்திரச் சந்தை கூடுகிறது. 1960-இல் தோன்றிய சித்திரகலா பரிஷத்து அதனை நடத்துகிறது. வரைந்தவரே நடைபாதையில் படத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார். நேரே பேசி வாங்கலாம். நம்மவர் எத்தனை பேர் சென்றோம்? கேட்டுப் பார்த்தோம், கைவிரல்கள் மிஞ்சின. ஆனால் அஃது ஒருநாள் சந்தை. மற்ற நாட்களுக்கு ஒரு சுவர் வேண்டுமே!

ஆகவே சங்கச் செயற்குழுவில் பேசி, நூலக அறையை ஒட்டிய சுவரைப் பெற்றோம். "சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து ஆறு மாதமாகவில்லை, ஆணி அடிக்கவா?" என்று பொருளாளர் வருந்தினார். அவர் வருத்தம் நியாயமானதே. சுண்ணாம்புச் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். இன்று அங்கே 12 படங்கள் தொங்குகின்றன. நம் காலனிப் பிள்ளைகளும் தாய்மார் இருவரும் வரைந்தவை. படம் விற்றால் பத்தில் ஒரு பங்கு தாளுக்கும் சட்டத்திற்குமாகப் பொதுநிதியிற் சேரும், எஞ்சியது வரைந்தவர்க்கே. வரைந்தோரே முறைவைத்துக் கூடத்தைக் காப்பர். கணக்கேட்டை அவர்களே எழுதுவர், நாங்கள் தலையிடமாட்டோம்.

இடப்புறமிருந்து நான்காவது படம் அல்சூர் ஏரிக்கரை. மழை நாள் மாலை. நாங்கள் முன்னே கூறிய பிள்ளை விடுதியிலிருந்து கொண்டுவந்து தந்தது. எல்லாரும் விலைச்சீட்டு எழுதித் தந்தனர்; அவன் மட்டும் எழுத மறுத்துவிட்டான். இப்போது வாயிலருகே நிற்கிறான். விலையை அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.