பிளாரன்சுக்குப் போகுமுன்

இன்று நாம் போகும் இடம் இத்தாலியில், ஆர்னோ ஆற்றின் கரையில் உள்ள பிளாரன்ஸ் நகரம். பழைய நகரப் பகுதி சின்னது. ரயிலை விட்டு இறங்கி நடந்தே எல்லா இடங்களையும் பார்த்துவிடலாம். ஆனால் இந்த ஊருக்குப் போகிறவர்கள் வீட்டை விட்டுப் புறப்படுமுன் கொஞ்சம் படித்துவிட்டுப் போக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

பிளாரன்சின் உஃபீசி அருங்காட்சியகத்தில், தொடக்க அறைகளில் ஒன்றில், ஆளுயரத்தைத் தாண்டிய மூன்று பலகை ஓவியங்கள் இருக்கின்றன. மூன்றிலும் அரியணையில் மரியாள், மடியில் குழந்தை இயேசு, சுற்றிலும் தேவதூதர்கள், பின்னணி முழுக்கத் தங்கத் தகடு. வருகிறவர்களில் பலர் மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

கொஞ்சம் நின்று பாருங்கள். ஒன்று சிமாபுவே வரைந்தது. மரியாளின் உடையில் தங்கக் கோடுகள் வலை மாதிரி ஓடுகின்றன. துணிக்குள் உடம்பு இருப்பதாகத் தோன்றாது. இன்னொன்று 1285இல் துச்சோவுக்குக் கொடுத்த வேலை. அதில் தேவதூதர்கள் அரியணையின் இரண்டு பக்கமும் அந்தரத்தில் மண்டியிட்டிருக்கிறார்கள். மூன்றாவது, அவற்றுக்குப் பின்னர் ஜியோட்டோ வரைந்தது. இங்கே தங்கக் கோடுகள் இல்லை. மரியாளின் முழங்கால் துணியை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. அரியணைக்குள் ஆழம் தெரிகிறது. பின்வரிசையில் நிற்பவர்களின் முகத்தை முன்வரிசையின் ஒளிவட்டம் மறைக்கிறது. இந்த மரியாளுக்குக் கனம் உண்டு, நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தலைமுறைக்குள் ஐரோப்பிய ஓவியம் திசை திரும்பியதை ஒரே அறையில் பார்த்துவிடலாம்.

இதைத் தெரிந்துகொள்ளப் பத்து நிமிட வாசிப்பு போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை ஊரிலேயே செலவழித்திருக்க வேண்டும். கால் கடுக்க, முதுகில் கூட்டம் இடிக்க, அங்கே நின்று படிக்க முடியாது.

அப்படியானால் ஐரோப்பிய வரலாறு முழுவதையும் கரைத்துக் குடிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு நகரம், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு, அதற்குள் நடந்த சில போட்டிகள், சில சண்டைகள். இவை போதும். பிளாரன்சில் நாம் பார்க்கும் கலையில் பெரும்பகுதி யாரோ யாரையோ முந்துவதற்காகச் செய்ததுதான். யார், யாரை, எதற்காக என்று தெரிந்துவிட்டால் கல்லும் பேசும்.

முதலில் பணத்தைப் பார்ப்போம். 1252இல் இந்த நகரம் பிளாரின் என்ற தங்க நாணயத்தை அடித்தது. எடை சுமார் மூன்றரை கிராம். ஒரு பக்கம் நகரத்தின் சின்னமான அல்லி மலர், மறுபக்கம் நகரத்தின் காவல் புனிதரான திருமுழுக்கு யோவான். ஐரோப்பா முழுவதும் வணிகர்கள் நம்பி வாங்கிய காசு அது. கம்பளித் துணி வணிகத்திலும் வட்டிக்கடையிலும் சேர்ந்த செல்வம் ஊரை நிறைத்தது. ஆனால் வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொல்லிவந்தது. பாவத்துக்குப் பரிகாரம் தேட வேண்டுமே! பணக்காரக் குடும்பங்கள் கோயிலில் பீடம் கட்டின, சுவரோவியம் வரையச் செய்தன, மடங்களைப் புதுப்பித்தன.

சான் மார்க்கோ மடத்தில் இதைக் கண்ணால் காணலாம். 1397இல் தொடங்கிய மெடிச்சி வங்கியின் வாரிசான கோசிமோ மெடிச்சி தன் செலவில் புதுப்பித்துக் கொடுத்த மடம் இது. துறவிகள் தங்கிய சிறு அறைகளில் ஃப்ரா ஆஞ்செலிகோவும் அவருடைய உதவியாளர்களும் ஓவியம் தீட்டினார்கள். படியேறி மேலே போனதும், தேவதூதர் காபிரியேல் மரியாளுக்குச் செய்தி சொல்லும் காட்சி எதிரே நிற்கிறது. அறைகளுக்குள் அடக்கமான நிறங்கள். துறவி தனியாக அமர்ந்து தியானிக்க ஏற்ற படங்கள். கோசிமோ தமக்கென்று வைத்துக்கொண்ட அறையில் என்ன படம் தெரியுமா? குழந்தை இயேசுவுக்குப் பரிசு கொண்டுவந்து பணியும் மூன்று ஞானியரின் படம். செல்வந்தர்கள் மண்டியிடும் காட்சியை ஒரு வங்கிக்காரர் தம் அறைக்கு வைத்துக்கொண்டார். இந்தப் பின்னணி தெரிந்தால், அந்த அறையில் கூடுதலாக ஐந்து நிமிடம் நிற்பீர்கள்.

அடுத்து நகரத்தின் நடுவே, பேராலயச் சதுக்கத்துக்கு வாருங்கள். பேராலயத்துக்கு எதிரில் எண்கோண வடிவில் நிற்பது திருமுழுக்கு ஆலயம். அதன் வெண்கலக் கதவுகளுக்காக 1401இல் ஒரு போட்டி நடந்தது. நடத்தியது துணி வணிகர் சங்கம். ஏழு பேர் போட்டியிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே தலைப்பு: ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் கணம். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர். ஒருவர் லொரென்சோ கிபெர்ட்டி, மற்றவர் பிலிப்போ புருனெல்லெஸ்கி. இருவரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள்.

அவர்கள் போட்டிக்குச் செய்த இரண்டு தகடுகளும் இன்றும் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் அருகருகே இருக்கின்றன. நீங்களே நடுவராகலாம். புருனெல்லெஸ்கியின் தகட்டில் ஆபிரகாம் மகனின் கழுத்தைப் பிடித்துத் திருப்புகிறார், கத்தி தொண்டையைத் தொடுகிறது, பாய்ந்து வந்த தேவதூதர் அவர் மணிக்கட்டைப் பிடித்தே விட்டார். கீழே ஒரு மூலையில், நடப்பது எதுவும் தெரியாமல், வேலைக்காரன் காலில் முள் எடுத்துக்கொண்டிருக்கிறான். கிபெர்ட்டியின் தகட்டில் அந்த வேகம் இல்லை. தேவதூதர் இப்போதுதான் வானத்தில் தோன்றுகிறார். ஈசாக்கின் உடம்பு பழைய ரோமானியச் சிலைபோல வடிவழகு கொண்டது. அதோடு, கிபெர்ட்டி பெரும்பகுதியை ஒரே வார்ப்பாக எடுத்தார். வெண்கலமும் குறைவாகவே செலவானது. வணிகர்கள் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்களா என்ன! வேலை கிபெர்ட்டிக்குப் போனது.

அந்த ஒரு ஜோடிக் கதவை முடிக்க அவருக்கு 1424 வரை ஆயிற்று. அடுத்த ஜோடி 1452இல் முடிந்தது. பேராலயத்தைப் பார்த்தபடி மின்னும் கதவுகள் அவை. சொர்க்கத்தின் வாயில் என்று மைக்கேலாஞ்சலோ வியந்ததாகச் சொல்வார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: சதுக்கத்தில் இன்று எல்லோரும் முண்டியடித்துப் படம் எடுப்பது நகல். அசல், பேராலயத்துக்குப் பின்புறமுள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பேராலயத்தின் பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்புப் பளிங்கு முகப்பும் அந்தக் காலத்தது அல்ல. கட்டடம் 1296இல் தொடங்கியது. முகப்பு முடிந்தது 1887இல்.

தோற்றுப்போன புருனெல்லெஸ்கி என்ன ஆனார்? தலையை நிமிர்த்துங்கள். மேலே தெரியும் செங்கல் நிறக் குவிமாடம் அவருடையது. பேராலயத்தைத் திட்டமிட்டவர்கள் சுமார் 45 மீட்டர் அகலத் திறப்பை விட்டுவைத்தார்கள். அதை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. வளைவு கட்டும்போது கீழே மரச்சாரம் கொடுத்துத் தாங்குவது வழக்கம். இந்த உயரத்துக்கும் அகலத்துக்கும் அப்படிச் சாரம் கட்டுவது நடக்காத காரியம். 1418இல் மறுபடி போட்டி. புருனெல்லெஸ்கி தரையிலிருந்து சாரம் எழுப்பாமலே கட்டுகிறேன் என்றார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரட்டை ஓடு. செங்கற்களைக் கிடைமட்டமாக மட்டும் அடுக்காமல், இடையிடையே செங்குத்தாக நிறுத்தி, மீன்முள் வடிவில் பின்னினார். சாந்து காயுமுன் செங்கல் வழுக்காமல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டது. பாரம் தூக்க, மாடு சுற்றும் இயந்திரம் ஒன்றையும் வடிவமைத்தார். மாட்டைத் திருப்பிக் கட்டாமலே பாரத்தை ஏற்றலாம், இறக்கலாம். 1420இல் தொடங்கிய குவிமாடம் 1436இல் மூடியது.

463 படிகள் ஏறி உச்சிக்குப் போகலாம். படிகள் அந்த இரண்டு ஓடுகளுக்கும் நடுவே போகின்றன. போகிற வழியில் சுவரைப் பாருங்கள். மீன்முள் பின்னல் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். முன்பே தெரியாதவருக்கு அது வெறும் செங்கல்.

இனித் தெற்கே ஐந்து நிமிட நடை. நகர மன்றம் இருக்கும் சிக்னோரியா சதுக்கம். இங்கே சிலைகள் அரசியல் பேசும். 1494இல் மக்கள், அதிகாரத்தில் இருந்த மெடிச்சி குடும்பத்தை விரட்டினார்கள். அவர்கள் மாளிகையில் இருந்த டொனாட்டெல்லோவின் யூதித் சிலையைத் தூக்கிவந்து, அடுத்த ஆண்டு நகர மன்ற வாசலில் நிறுத்தினார்கள். கொடுங்கோல் தளபதியின் தலையை வெட்டிய பெண் அவள். சேதி புரிகிறதல்லவா?

1504இல் அதே வாசலுக்கு மைக்கேலாஞ்சலோவின் தாவீது வந்தான். முன்னொருவர் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்டு, பல ஆண்டுகள் கிடந்த பளிங்குப் பாளத்திலிருந்து வந்தவன். பேராலயத்தின் கூரையோரத்தில் நிறுத்தத்தான் முதலில் எண்ணம். எங்கே வைப்பது என்று முடிவுசெய்யக் கூடியவர்களில் லியோனார்டோ டாவின்சியும் போட்டிசெல்லியும் உண்டு. பழைய தாவீதுகளின் காலடியில், அவன் வீழ்த்திய ராட்சதன் கோலியாத்தின் வெட்டுண்ட தலை கிடக்கும். இவன் காலடியில் எதுவும் இல்லை. சண்டை இன்னும் தொடங்கவில்லை. தோளில் கவண், நெற்றியில் சுருக்கம், வலது கைப் புறத்தில் நரம்பு புடைத்திருக்கிறது. பெரிய எதிரிகளால் சூழப்பட்ட சின்னக் குடியரசு தன்னையே அவனிடம் பார்த்தது. சதுக்கத்தில் இன்று நிற்பது நகல். அசல் 1873 முதல் அக்காதெமியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எதிர்ப்பக்க மண்டபத்தில் மெதூசாவின் தலையைத் தூக்கிப் பிடித்து நிற்கிறான் செல்லினியின் பெர்சியஸ். ஆண்டு 1554. அதற்குள் குடியரசு போய், மெடிச்சி குடும்பம் திரும்பிவந்து, அதில் ஒருவர் பிரபுவாகிவிட்டார். செய்யச் சொன்னவர் அவரே. தாவீதுக்கு ஒரு பதில் அது. தேதிகளைத் தெரிந்தவருக்கு இந்தச் சதுக்கம் அறுபது ஆண்டு வாக்குவாதம்.

சரி, புறப்படுமுன் என்ன படிக்கலாம்? முதலில் கதைகள். நம் கோயிலில் வேலும் மயிலும் கண்டால் முருகன் என்று குழந்தையும் சொல்லும். அங்கேயும் அதே முறைதான். சாவி வைத்திருப்பவர் பேதுரு. ஒட்டகமயிர் உடை திருமுழுக்கு யோவானுடையது. உடைந்த சக்கரம் கத்தரீனாள், இரும்புக் கட்டில் போன்ற அடுப்பு லாரன்ஸ், பக்கத்தில் சிங்கம் படுத்திருந்தால் ஜெரோம். ஆபிரகாம், தாவீது, மரியாளுக்கு வந்த செய்தி, இவை எல்லாம் தமிழ் வேதாகமத்திலேயே இருக்கின்றன. ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தைப் படிக்கக் கால்மணி நேரம்கூட ஆகாது.

இரண்டாவது, நான்கு ஆண்டுகள். 1348, கொள்ளைநோய் நகரத்தைச் சூறையாடிய ஆண்டு. 1434, கோசிமோ மெடிச்சி நாடுகடத்தலிலிருந்து திரும்பி அதிகாரத்தைப் பிடித்த ஆண்டு. 1494, அந்தக் குடும்பம் விரட்டப்பட்ட ஆண்டு. 1737, கடைசி வாரிசான ஆன்னா மரியா லூயிசா செய்த ஒப்பந்தம். குடும்பத்தின் கலைச் செல்வம் எதுவும் பிளாரன்சை விட்டுப் போகக்கூடாது என்று அந்த அம்மையார் எழுதி வைத்தார். உஃபீசியில் இத்தனை ஓவியங்கள் இன்னும் இருப்பதற்கு அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாவது, வசாரி எழுதிய கலைஞர் வாழ்க்கை வரலாறுகள். முதல் பதிப்பு 1550இல் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு எளிதில் கிடைக்கும். புருனெல்லெஸ்கி அத்தியாயம் ஒன்றைப் படித்தாலும் போதும். வசாரி மெடிச்சி பிரபுவிடம் வேலை பார்த்தவர், பிளாரன்சின் பக்கம் சாய்ந்தவர்; அதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நடைமுறைக்கு ஒரு வார்த்தை. உஃபீசியும் அக்காதெமியாவும் திங்கட்கிழமை விடுமுறை. குவிமாடம் ஏற நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். ஆலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை தேவை. ஒரு நாளில் இரண்டு இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். எதைப் பற்றிப் படித்தீர்களோ அதன் முன்னால் நில்லுங்கள்; படிக்காததை மனம் உறுத்தாமல் விட்டுவிடலாம். பயணச்சீட்டு வாங்கும் அன்றே அந்த நான்கு ஆண்டுகளையும் ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு செருகி வையுங்கள். மீதியை அந்த ஊர் சொல்லித்தரும்.