சாவியை எடுத்துக் கொடுத்தவன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விளையாட்டும் ரசிகர்களும்" என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் விளையாட்டு வீரன் அல்ல. பந்தை உதைத்தால் பந்து ஒரு பக்கமும் செருப்பு ஒரு பக்கமும் போகும். ஆனால் ரசிகன் என்ற தகுதியில் எனக்கு நாற்பது வருட சர்வீஸ் உண்டு. அந்தத் தைரியத்தில்தான் மைக் முன்னால் நிற்கிறேன்.

போன வாரம் எம்.கே.பி. நகர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துக் கொண்டிருந்தேன். நம் கல்லூரித் தம்பிகள் இரண்டு பேர் ஒரு போனை வைத்துக்கொண்டு வாக்குவாதம். எட்டிப் பார்த்தால் வினோத் காம்ப்ளி. 2024 டிசம்பரில், தன் குரு ராமாகாந்த் அச்ரேக்கரின் நினைவுச் சின்னத் திறப்பு விழாவில், சச்சினின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் உட்கார்ந்திருந்தாரே, அந்தக் காட்சி. ஒரு தம்பி, "பாவம்டா, எப்படி இருந்த மனுஷன்" என்றார். இன்னொருவர், "என்னடா பாவம்? 2022-ல குடிச்சிட்டு வண்டி ஓட்டி அரெஸ்ட் ஆன ஆளு" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். 17 டெஸ்டில் 1084 ரன், சராசரி 54.20. 1993-ல் அடுத்தடுத்து இரண்டு டெஸ்டில் இரட்டைச் சதம். எனக்கு இன்றும் அந்த இடது கை ஆட்டம் கண்ணிலேயே நிற்கிறது. அதே மனிதர் 2022 பிப்ரவரி கடைசியில், மும்பை பாந்த்ராவில், தான் குடியிருந்த அடுக்குமாடி வளாகத்தில் குடிபோதையில் காரை மோதினார் என்ற புகாரில் கைதாகி, ஜாமீனில் வந்தார். அதுவும் நடந்ததுதான்.

தம்பிகள் என்னிடம், "சார், நீங்க சொல்லுங்க, யார் பக்கம் நியாயம்?" என்று கேட்டார்கள். அங்கே பதில் சொல்லாமல் டீக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கடனை இங்கே அடைக்கிறேன்.

நமக்குப் பக்கத்து நாட்டில் நடந்த இன்னொரு சங்கதியைச் சொல்கிறேன். இலங்கை டெஸ்ட் அணியின் தலைவராக இருந்தவர் திமுத் கருணாரத்ன. 2019 பிப்ரவரியில் அவர் தலைமையில் இலங்கை அணி தென்னாப்பிரிக்காவுக்குப் போய் இரண்டு டெஸ்டையும் ஜெயித்தது. அங்கே டெஸ்ட் தொடரை வென்ற முதல் ஆசிய அணி அதுதான். நம் இந்தியாவால்கூட முடியாத காரியம். ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அடுத்த மாதம், மார்ச் 31 அதிகாலை, கொழும்பில் அவர் ஓட்டி வந்த வண்டி ஓர் ஆட்டோ மீது மோதியது. அவர் மது அருந்தியிருந்தார் என்று போலீஸ் கைது செய்தது. ஆட்டோ ஓட்டுநர் காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கருணாரத்ன வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இலங்கை கிரிக்கெட் வாரியம் 7,500 அமெரிக்க டாலர் அபராதம் போட்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரலில் அதே வாரியம் அவரையே உலகக் கோப்பை அணிக்கும் தலைவர் ஆக்கியது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "மனுஷன்னா தப்பு செய்வான், மன்னிச்சு விடுங்க" என்றது ஒரு கட்சி. "இப்படிப்பட்டவன் நாட்டுக்குத் தலைவனா?" என்றது இன்னொரு கட்சி. தலைவர் பதவி, உலகக் கோப்பை, நாட்டின் மானம் எல்லாவற்றையும் பற்றிப் பேச்சு நடந்தது. அந்த ஆட்டோக்காரருக்கு எப்படி இருக்கிறது, எத்தனை நாள் வண்டி ஓட்ட முடியாமல் போனது, வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

ஆட்டோக்காரர் என்றால் நம் வடசென்னைக்காரனுக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தாரே காசிமா, அவர் யார் பெண்? நம் பக்கத்து ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் பெண். ராத்திரி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களின் வீடுகளில் இருந்துதான் நம் வீரர்கள் வருகிறார்கள்.

நண்பர்களே, இதுவரை ஊர்க்கதை. இனி என் கதை. முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாக மேடையில் சொல்லாத கதை.

1988 கோடை. நான் இறுதியாண்டு பி.காம். பரீட்சை எழுதி முடித்த நேரம். வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் பக்கம் கால்பந்து என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பேட்டை டீமில் ஒரு பத்தாம் நம்பர் இருந்தார். பெயர் வேண்டாம். ஒரு கம்பெனி டீமுக்குச் சம்பளத்துக்கு ஆடியவர். லீவு போட்டுவிட்டு வந்து கோடை டோர்னமெண்டில் எங்களுக்காக ஆடுவார். அந்த வருடம் ஃபைனலில் இரண்டு கோல் அடித்தார். கோப்பை எங்களுக்கு.

அன்று ராத்திரி கொண்டாட்டம். காசு வசூலித்து பிராந்தி வாங்கிக் கொடுத்தது நாங்கள். அவர் கேட்கவில்லை, நாங்கள்தான் ஊற்றினோம். பத்து மணிக்கு மேல், "ஒரு ரவுண்டு போயிட்டு வரேன், வண்டி குடுடா" என்றார். என் அண்ணனின் ராஜ்தூத் அங்கே நின்றது. அவர் நடக்கும்போதே கால் பின்னியது. எனக்குத் தெரிந்தது. ஆனால் பத்தாம் நம்பர் என்னிடம் வண்டி கேட்கிறார்! அந்தப் பெருமையில் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தவன் நான்.

எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில், மணலியில் செகண்ட் ஷிப்ட் முடித்துவிட்டு சைக்கிளில் வீடு திரும்பிக் கொண்டிருந்த ஒருவர் மீது மோதினார். பத்தாம் நம்பருக்கு முழங்கையில் சிராய்ப்பு. சைக்கிளில் வந்தவருக்கு வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

செய்தி வந்ததும் நாங்கள் ஓடியது எங்கே? போலீஸ் ஸ்டேஷனுக்கு. நாற்பது பேர். "எங்க பேட்டை பேரைக் காப்பாத்துன பையன் சார், வேலை போயிடும் சார்" என்று ஆளாளுக்குக் கெஞ்சினோம். பெரிய மனிதர் ஒருவரையும் எழுப்பிக் கூட்டி வந்தோம். விடியற்காலையில் அவரை விட்டுவிட்டார்கள். சைக்கிளில் விளக்கு இல்லாததுதான் விபத்துக்குக் காரணம் என்று எழுதினார்கள். அதைக் கேட்டு நாங்கள் கை தட்டினோம். விசிலும் அடித்தோம்.

ஐந்தாறு மாதம் கழித்து ரேஷன் கடை க்யூவில் நிற்கிறேன். எனக்கு முன்னால் கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு ஒருவர். திரும்பிப் பார்த்தார்.

"நீதானே அந்த வண்டிக்காரப் புள்ள?"

எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"செமி ஃபைனல் நானும் பாத்தேம்பா. அந்தப் பையன் அடிச்ச கோலுக்கு நானும்தான் விசிலடிச்சேன். நல்ல ஆட்டக்காரன்." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் சொன்னார்: "ஸ்டேசனாண்ட நாப்பது பேரு வந்தீங்களாமே. ஆஸ்பத்திரியாண்ட ஒருத்தரும் வரலையேப்பா."

அவ்வளவுதான். திட்டவில்லை, சாபம் விடவில்லை. சர்க்கரை வாங்கிக்கொண்டு கட்டையை ஊன்றிப் போய்விட்டார். அந்தக் கால் கடைசி வரை சரியாகவில்லை. அவரால் மறுபடி ஷிப்டுக்குப் போக முடியவில்லை.

சரி, எங்கள் பத்தாம் நம்பரையாவது காப்பாற்றினோமா என்றால், அதுவும் இல்லை. "என்ன நடந்தாலும் பசங்க பாத்துப்பாங்க" என்ற தைரியம் அவருக்கு வந்துவிட்டது. குடி கூடியது. இரண்டு வருடத்தில் டீமில் இடம் போனது. பிறகு வேலையும் போனது. அதன் பிறகு அவரைப் பார்த்தால் அந்த நாற்பது பேரும் எதிர்த் தெருவுக்கு மாறிப் போனோம். முதலில் "பாவம்" என்றவர்களும் நாங்கள்தான். பிறகு "குடிகாரன்" என்றவர்களும் நாங்கள்தான்.

வேறு மாதிரியும் நடக்கலாம் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ், 18 ஒலிம்பிக் தங்கம் கையில் இருந்தபோது, 2014 செப்டம்பரில் பால்டிமோரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கைதானார். அது அவருக்கு இரண்டாவது முறை. அந்நாட்டு நீச்சல் சங்கம் அவரை ஆறு மாதம் ஒதுக்கி வைத்தது. 2015 உலகப் போட்டி அணியிலிருந்தும் பெயரை நீக்கியது. நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒரு வருடச் சிறைத் தண்டனையை நிறுத்தி வைத்து, 18 மாதம் கண்காணிப்பில் இருக்கச் சொன்னார்கள். சிகிச்சை மையத்தில் சேர்ந்தார். 2016 ரியோவில் ஐந்து தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார். "தங்க மகன், விட்டுவிடுங்கள்" என்று முதல் நாளே கதவைத் திறந்து விட்டிருந்தால், அந்த ஐந்து தங்கமும் வந்திருக்குமா? தண்டனை கொடுத்ததால் யாரும் அவரைக் கைவிட்டதாக ஆகவில்லை.

சட்டம் படிக்கும் ஆசையுள்ள தம்பி தங்கைகளுக்காக ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதைத் தாண்டி 188-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை. 2022 அக்டோபரில் நம் சென்னைப் போக்குவரத்துப் போலீசார், போதையில் ஓட்டுகிறவரோடு கூடவே உட்கார்ந்து வருகிறவர் மீதும் வழக்குப் போடுவோம் என்று அறிவித்தார்கள். அதைப் பேப்பரில் படித்தபோது எனக்கு அந்த ராஜ்தூத் சாவிதான் ஞாபகம் வந்தது. உடந்தை என்ற சொல்லுக்கு என் முகம்தான் பொருத்தம்.

ஆக, டீக்கடைத் தம்பிகளே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். "பாவம்" என்பதும் "குடிகாரன்" என்பதும் ரசிகனுக்குச் சுலபமான வார்த்தைகள். இரண்டிலும் நம் கை அழுக்காவதில்லை. நம் ஆள் ஒருவர் இப்படி மாட்டிக்கொண்டால், முதலில் அடிபட்டவர் யார், எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேளுங்கள். அங்கே போங்கள். நம் ஆள் கோர்ட்டுக்குப் போகட்டும். கூடப் போய் நில்லுங்கள். சிகிச்சைக்குப் போனால் வாரா வாரம் போய்ப் பாருங்கள். ஆனால் ஸ்டேஷன் வாசலில் கெஞ்சாதீர்கள். இதெல்லாம் நடந்த பிறகு செய்ய வேண்டியவை. நடப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சாவியைக் கொடுக்காதீர்கள். கோபித்துக்கொள்வார், ஒரு மாதம் பேசமாட்டார். பரவாயில்லை.

இன்று மாலை இந்தச் சந்திப்பு முடிந்ததும் நம் பழைய நண்பர்கள் சிலர் வெளியே தனியாகச் சந்திக்கப் போவதாக எனக்குத் தகவல் வந்திருக்கிறது. யார் யார் என்று சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். நானும் வருகிறேன். வாசலில் நின்று எல்லோருடைய வண்டிச் சாவியையும் வாங்கிக்கொள்வேன். நாளைக் காலையில் வீடு தேடி வந்து கொடுப்பேன்.