தானே கட்டளையிட்டுத் தானே வளரும் கட்டி



விரலில் கத்தி பட்டால் சில நாள்களில் காயம் ஆறிவிடுகிறது. புதிய தோல் வளரும்படி உயிரணுக்களுக்குக் கட்டளையிடுவது யார்? வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள். அவை உயிரணுவின் வாசலில் உள்ள ஏற்பியில் வந்து அமர்ந்தால்தான் உயிரணு இரண்டாகப் பிரியும். வேலை முடிந்ததும் கட்டளை நின்றுவிடும்.

இவற்றுள் ஒன்றை அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி கோஹன் 1962இல் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார். பிறந்த எலிக்குட்டிகளுக்கு அதைச் செலுத்தியபோது, அவை வழக்கத்திற்கு முன்பே கண் திறந்தன. மேல்தோலை வளர்க்கும் இப்புரதம் தொடர்பான ஆய்வுக்காக, 1986இல் நோபல் பரிசு ரீட்டா லெவி மொன்தால்சினியுடன் அவருக்கும் கிடைத்தது.

நன்மை செய்யும் இந்த ஏற்பாட்டைத்தான் புற்றுநோய் கைப்பற்றிக்கொள்கிறது. வைரஸ் தொற்றால் புற்றாக மாறிய எலி உயிரணுக்கள் தாங்களே வளர்ச்சிக் காரணியைச் சுரப்பதை 1978இல் டி லார்கோவும் டொடாரோவும் கண்டனர். அது, கோஹன் கண்ட புரதம் அமரும் அதே ஏற்பியில் அமர்ந்தது. கட்டளையிடுவதும் கட்டி, கீழ்ப்படிவதும் கட்டி. இக்கருத்தை 1980இல் ஸ்போர்னும் டொடாரோவும் விளக்கினர்.

கட்டளை வரும் வாசலை அடைத்துவிட்டால்? அப்படிப் பிறந்த மருந்துதான் செடுக்ஸிமாப். பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு 2004இல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது.

ஆனால் அதே ஏற்பி நம் தோலிலும் உண்டு. ஆகவே மருந்து எடுப்பவர் பலருக்கு முகத்திலும் மார்பிலும் பருக்கள் போன்ற தடிப்பு தோன்றும். அதைக் கண்டு அஞ்சி சிகிச்சையைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொன்னால் தணிக்க வழியுண்டு.

இன்னொன்றும் முக்கியம். ராஸ் என்ற மரபணு கெட்டுவிட்ட கட்டியில், வெளியிலிருந்து கட்டளை வராமலேயே உயிரணு பிரிந்துகொண்டிருக்கும். கள்வன் வீட்டுக்குள் இருக்கும்போது வாசலைப் பூட்டி என்ன பயன்? எனவேதான் மருந்தைத் தொடங்குமுன் இம்மரபணுவைப் பரிசோதிக்கிறார்கள்.

"பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து எங்கள் அப்பாவுக்கு ஏன் இல்லை?" என்று குடும்பத்தார் கலங்குவதுண்டு. நோயின் பெயர் ஒன்றாக இருக்கலாம். கட்டி வளரும் வழி வேறாக இருக்கலாம். "பரிசோதனை முடிவு என்ன சொல்கிறது, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். அது நோயாளியின் உரிமை.