வண்டித் தடமும் பேரகராதியும்



மதுரைச் சமவெளியில் முதுமை எய்திய அமெரிக்க மிஷனரித் தம்பதியரைச் சமயப் பணி கொண்டே அளப்பது வழக்கம். அவர்தம் அன்றாட வாழ்வால் தமிழ் பெற்ற பயனும் எண்ணத்தக்கது.

1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் மாட்டுவண்டியில் ஊர் ஊராய்ச் சென்று கூடாரமடித்துத் தங்கினர். கணவர் சாவடியிலும் சந்தையிலும் பேசினர். மனைவியர் பெண்பள்ளியிலும் வீட்டு முற்றத்திலும் பேசினர். கோடையில் கொடைக்கானல் செல்ல, மோட்டார்ச் சாலை வருமுன், அடிவாரம் வரை வண்டி, அதற்குமேல் டோலி. வண்டியோட்டியும் டோலி சுமந்தோரும் பேசிய தமிழே அவர்கள் நாள்தோறும் கேட்ட தமிழ்.

இத்தகைய குடும்பமொன்றில் 1849இல் பிறந்தவர் ஜே. எஸ். சாண்ட்லர். 1913இல், அறுபது கடந்த வயதில், தமிழ்ப் பேரகராதியின் முதற் பதிப்பாசிரியரானார். பணி மதுரையில் தொடங்கிப் பின்னர்ச் சென்னைக்குப் பெயர்ந்தது. மு. இராகவையங்கார் தலைமைத் தமிழ்ப் பண்டிதராய் உடனிருந்தார். 1922இல் சாண்ட்லர் ஓய்வு பெற்றபோது ஒரு பகுதியேனும் வெளிவரவில்லை. முதற்பகுதி வந்தது 1924இல். ச. வையாபுரிப் பிள்ளை 1936இல் ஆறு தொகுதிகளாக நிறைவு செய்தார். சொற்கள் இலட்சத்திற்கும் மேல்.

மிஷனரிமாரின் நோக்கம் சமயம் பரப்புதலே. அதனை மறைத்துப் போற்ற வேண்டுவதில்லை. ஆயினும் அப்பேரகராதியில் சங்கச் சொல்லுக்கு அருகே, வட்டார வழக்கென்னும் குறிப்போடு, உழவர் சொல்லும் நிற்கிறது. வண்டித் தடங்கள் தார்ச்சாலையாயின. அச்சொற்களுட் பல இன்று ஏட்டில் மட்டுமே உள்ளன. நாவில் எஞ்சியவற்றைச் செவிகொடுத்துக் கேட்டுப் பாட்டில் வாழவைத்தல் கவிஞர் கடன்.