ஓய்வு பெற்றவரா, ஓய்வு கொடுக்கப்பட்டவரா?

1998 டிசெம்பரில், பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவிலே இந்திய ஹொக்கி அணி தென்கொரியாவை வென்று தங்கப் பதக்கம் பெற்றது. 32 ஆண்டுகளின் பின் கிட்டிய பதக்கம் அது. வெற்றி முழக்கம் ஓயுமுன்னரே அணித் தலைவர் தன்ராஜ் பிள்ளையும் மூத்த வீரர் அறுவரும் நீக்கப்பட்டனர். கோல் காப்பாளர் ஆசிஷ் பல்லாலும் அவர்களுள் ஒருவர். பயிற்சியாளர் கௌஷிக்கும் விலக்கப்பட்டார். வீரருக்கு ஓய்வு கொடுத்ததாகச் சம்மேளனம் கூறியது.

ரசிகர் இதனை எளிதில் ஏற்பரோ? புனேயை அடுத்த கட்கியில் தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த தன்ராஜ், மனத்தில் உள்ளதை மறைக்க அறியாதவர். வீரருக்கு அளிக்கும் ஊதியம் போதாதென வெளிப்படையாகவே பேசியிருந்தார். அதற்குரிய தண்டனையே இந்த 'ஓய்வு' எனப் பலரும் நம்பினர். முப்பது வயதானவரை நம்பிச் சிட்னி ஒலிம்பிக்கிற்கு ஆயத்தமாவதா, இளைஞருக்கு இடம் வேண்டாமா என்று வாதிடுவோரும் இல்லாமலில்லை. அவ்வாதம் தள்ளத்தக்கதன்று. ஆயினும், இளைஞரைச் சேர்ப்பது வேறு. வென்று வந்த அணியை உரிய காரணங்காட்டாது கலைப்பது வேறு. தேர்வாளர் வாய்திறவாதபோது வதந்தியே காரணமாகிவிடுகிறது.

சிட்னிக்குத் தன்ராஜ் மீண்டும் அழைக்கப்பட்டார். 2003 இல் கோலாலம்பூரில் இந்தியா முதன்முறையாக ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோதும், அணித் தலைவர் 35 வயதுத் தன்ராஜ் பிள்ளையே.