மாத்திரையும் ஒலிநாடாவும்



பாடியிலிருந்து உள்வட்டச் சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் திருமங்கலம், கோயம்பேடு கடந்து வடபழனியை அடைவர். அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தார்க்கு அது தொலைவான இடமன்று. பட்டறைகளின் இரைச்சலோடு வாழப் பழகிய இப்பகுதிக்கு அருகிலேயே, இரைச்சலை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்ட கூடங்கள் சில எழுந்தன. காரைக்குடியிலிருந்து 1948-இல் கோடம்பாக்கத்திற்குப் பெயர்ந்த ஏவி.எம். நிலையமும், பின்னர்ச் சாலிகிராமத்தில் அமைந்த பிரசாத் கூடமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கன. அக்கூடங்களில் பாடியவர்களைப் பற்றியும் இசையமைத்தவர்களைப் பற்றியும் நூல்கள் பல வந்துள்ளன. அங்கிருந்த கருவிகளைப் பற்றித் தமிழில் பேசியோர் மிகச் சிலரே. பாடலின் சொல் கேட்போர் செவியை அடைந்ததோ அக்கருவிகளின் வழியாகத்தான். கருவி மாறியபோது சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதே இவ்வுரையின் பொருள்.

எழுத்தின் பிறப்பைத் தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்குகிறார். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் உருப்பெறுகிறது என்பது அவர் கருத்து. ஒலிப்பதிவாளர் எவரும் இதனை மறுக்கமாட்டார். இதழ் இயைந்து பிறக்கும் பகரம் காற்றை வெடிப்பாகத் தள்ளுவதால், ஒலிவாங்கிக்கு முன்னே மெல்லிய வலைத்துணியைக் கட்டுகிறார்கள். நல்ல ஒலிவாங்கியின் உள்ளே இருக்கும் பொன்பூச்சுத் தகடு தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது. வல்லினத்தின் வன்மையும் மெல்லினத்தின் மூக்கொலியும் முதலில் அத்தகட்டிலேதான் பதிகின்றன. 1949-இல் ஜெர்மனியில் நியூமன் நிறுவனம் வெளியிட்ட யு 47 என்னும் வால்வு ஒலிவாங்கியும், 1967-இல் வந்த யு 87-உம் உலகக் கூடங்களில் அளவுகோலாகவே நிலைத்துவிட்டன.

அதற்கு முந்திய நிலை வேறு. 1925-க்கு முன் மின்சார ஒலிவாங்கியே பதிவுக்கு வரவில்லை. பாடுவோர் பெரிய ஊதுகுழலின் வாயருகே நின்று உரக்கப் பாட, அதன் அதிர்வு நேரே மெழுகில் கோடாயிற்று. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். நீண்ட கீர்த்தனையும் அம்மூன்று நிமிடத்திற்குள் ஒடுங்கியாக வேண்டும். மென்மையாகப் பாடுவதென்பது அன்று பதிவுக்கு உதவாத பண்பு.

பேசும்படம் வந்தபின் ஒலி ஒளியாயிற்று. பாடலின் அதிர்வுகளை ஒளிக்கோடாகப் படச்சுருளில் பதித்தனர். இம்முறையில் ஒரு பெருந்தொல்லை உண்டு. பாடியதை உடனே கேட்க இயலாது. சுருள் கழுவப்பட்டு வந்த பிறகே பிழை தெரியும். காந்த நாடா பரவியபின் இத்தொல்லை நீங்கியது. எனினும் நெடுங்காலம் ஒரே தடத்தில்தான் பதிவு நடந்தது. வயலின் குழுவினர், தபலாக்காரர், பாடகர், உடன்பாடுவோர் என அனைவரும் ஒரே வேளையில் இசைப்பர். கடைசி வரியில் ஒருவர் வில்லைத் தவறவிட்டால் முதல் வரியிலிருந்து எல்லாரும் மீண்டும் தொடங்க வேண்டும். 'ஒன் மோர்' என்னும் சொல் கூடத்தில் எல்லாரும் அஞ்சிய சொல்லாக இருந்ததில் வியப்பில்லை.

இந்த இடையூற்றில் தமிழுக்கு ஒரு நன்மை மறைந்திருந்தது. தமிழை நன்கு ஒலித்தவர்கள் என்று இன்றும் போற்றப்படும் பாடகர்களில் பலர்க்குத் தாய்மொழி தமிழன்று. டி.எம். சௌந்தரராஜனுக்குச் சௌராட்டிரம், பி. சுசீலாவுக்கும் பி.பி. ஸ்ரீநிவாஸுக்கும் தெலுங்கு, கே.ஜே. யேசுதாஸுக்கு மலையாளம். பிழை நேர்ந்தால் நாற்பது பேர் மீண்டும் வாசிக்க வேண்டும் என்ற நிலையில், ஒத்திகையின்போதே ஒவ்வொரு சொல்லும் செப்பனிடப்பட்டது. ழகரத்தைத் திருத்துவதற்குரிய நேரம் ஒலிவாங்கியைத் திறப்பதற்கு முன்னரே ஒதுக்கப்பட்டது. சொல்லறிந்த ஒருவர் அங்கு உடனிருப்பது ஆடம்பரமன்று, சிக்கனம்.

பின்னர் வந்த மாற்றங்கள் விரைவானவை. 1978-இல் வெளிவந்த 'பிரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவாகித் தமிழர் செவிக்கு இடமும் வலமும் காட்டின. மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி என்னும் பொதுமொழி 1983-இல் உலகில் நடைமுறைக்கு வர, 1986-இல் 'புன்னகை மன்னன்' இசையில் கணினியின் பங்கு பேசப்பட்டது. ஏ.ஆர். ரகுமான் 1989-இல் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தையொட்டிப் பஞ்சதன் கூடத்தை அமைத்தார். 1992-இல் 'ரோஜா' வந்தது. பெரிய மண்டபம் சிறிய அறையாகச் சுருங்கியது. பாடகர் ஒரு நாள் வருவார், குழலிசைப்பவர் வேறொரு நாள் வருவார். இருவரும் சந்திக்காமலே ஒரு பாடலில் இணைவர்.

இங்கேதான் கவிஞர்கள் செவிசாய்க்க வேண்டிய செய்தி உள்ளது. பல தடங்கள் கொண்ட பதிவில், பாடாத இடங்களில் புகும் இரைச்சலை அடைக்க ஒரு 'வாயில்' உண்டு. குறித்த அளவுக்குக் கீழே ஒலி தாழ்ந்தால் அது தானே மூடிக்கொள்ளும். தமிழ்ச் சொற்களில் மிகத் தாழ்ந்து முடிவது எது? குற்றியலுகரம். 'காற்று' என்னும் சொல்லின் ஈற்றுகரம் அரை மாத்திரையே பெறும். கருவியை அமைப்பவர் இதனை அறியாவிடில், வாயில் அந்த அரை மாத்திரைக்கு முன்பே மூடிவிடும். கேட்போர்க்கு எஞ்சுவது வெறும் றகரமெய். இதற்கு அஞ்சியோ என்னவோ, சிலர் உகரத்தை நீட்டி நெடிலாகவே பாடிவிடுகின்றனர். இரண்டும் பிழைதான், முன்னது கருவியின் பிழை, பின்னது அச்சத்தின் பிழை.

பல்லவியின் நிலையும் அவ்வாறே. முன்பு ஒரு பாடலில் பல்லவி மூன்று முறை வந்தால் பாடகர் மூன்று முறை பாடினார். மூன்றாம் முறை அச்சொல்லுக்குச் சரணங்களின் பாரம் ஏறியிருந்தது. இன்று முதற்பல்லவியையே படியெடுத்து ஒட்டிவிடுதல் எளிது. 1997-இல் வந்த ஆட்டோ-டியூன் சுருதியைத் திருத்தும்; ழகரத்தைத் திருத்தாது. அதற்கு இன்னும் ஆள்தான் வேண்டும்.

பழையதெல்லாம் பொன் என்று இதனால் கொள்ளலாகாது. ஒரு தடப் பதிவில் வயலின் எழும்போது சொல் மூழ்கிய பாடல்கள் எத்தனையோ. பழைய திரையரங்குகளில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் பெரும்பாலும் கேட்டதேயில்லை. தனித்தடத்தின் பயனால்தான், இளகிய குரலில் முணுமுணுக்கும் வரியும் இன்று தெளிவாகக் கேட்கிறது. 2008-இல் மறைந்த எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பதிவாளர்கள் புதிய கருவிகளைக் கொண்டே செவிக்கு இதமான பதிவுகளைத் தந்தனர். குறை கருவியில் இருப்பதைவிட, அதன் அருகே தமிழறிந்தவர் அமராததில் மிகுதியும் இருக்கிறது.

ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். நாடாவின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலை ஒழிக்கப் பொறியாளர்கள் அரை நூற்றாண்டு பாடுபட்டனர். இப்போது தூய எண்முறைப் பதிவின்மேல் அதே இரைச்சலைத் தூவும் மென்பொருள் விலைக்கு விற்கிறது. வால்வின் வெதுவெதுப்பையும் அவ்வாறே வாங்கலாம்.

வேடிக்கை அத்துடன் முடிகிறது. ஏவி.எம். வளாகத்தில் 2023-இல் திறக்கப்பட்ட பாரம்பரிய அருங்காட்சியகத்தில் பழைய கார்களோடு பழைய திரைக்கருவிகளும் காட்சிக்கு உள்ளன. காண்பதற்கு மகிழ்ச்சியே. ஆயினும் காட்சியில் நிற்கும் கருவி ஒலிக்காது. நாடாவை ஒலிக்கவைக்க ஓடும் கருவி வேண்டும். அதன் தலைப்பகுதி தேய்கிறது, உதிரிப் பாகம் கிடைப்பதில்லை, பழுது பார்க்கத் தெரிந்தவர் முதுமை அடைகின்றனர். நாடாவிலோ, காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. சென்னையின் ஈரக்காற்று இதற்கு மிகவும் உதவுகிறது. அத்தகைய நாடாவை ஏறத்தாழ 50 பாகை வெப்பத்தில் பல மணிநேரம் உலர்த்தினால், சில வாரங்களுக்கு மட்டும் அது மீண்டும் பாடும். அதற்குள் படியெடுத்தாக வேண்டும். காந்த நாடாக்களைக் கேட்கும் வாய்ப்பே 2025-ஐ ஒட்டி அருகிவிடும் என்று யுனெஸ்கோ 2019-இலேயே எச்சரித்தது.

இந்த எச்சரிக்கை திரைப்பாடலுக்கு மட்டும் உரியதன்று. இவ்வட்டாரத்து மூத்த கவிஞர்கள் பலரின் இல்லங்களில், எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடந்த கவியரங்குகளின் கேசட்டுகள் பரணில் கிடக்கக்கூடும். மறைந்த கவிஞர் ஒருவர் தம் வரியை எங்கே நிறுத்தினார், எந்தச் சொல்லை அழுத்தினார் என்பது அச்சில் இராது. அந்நாடாவில் மட்டுமே இருக்கும். அவற்றை ஒலிபெருக்கியின் காந்தத்தருகே வைத்தல் கூடாது. பூஞ்சை படிந்த கேசட்டை உடனே ஓட்டிப் பார்த்தலும் கூடாது, நாடா அறுந்துவிடும். படியெடுக்கும்போது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் எடுக்குமாறு கேட்டல் நலம். எம்பி3 கேட்பதற்குப் போதும், காப்பதற்குப் போதாது. அதற்கு முன், கவியரங்கம் நடந்த நாள், இடம், கவிதை படித்தவர் பெயர் ஆகியவற்றை நினைவிருக்கும்போதே உறையின்மேல் எழுதிவிடல் வேண்டும்.