புரட்டுக்கும் விஞ்ஞான வேஷம்

(மரக்காணத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாமியைப் பற்றியதல்ல, சாஸ்திரத்தைப் பற்றியதுமல்ல. அவற்றைப் பற்றி நம் மேடைகளில் பல தடவை பேசியாய்விட்டது. இன்று பேசப்போவது விஞ்ஞானத்தின் பேரால் நடக்கிற புரட்டுகளைப் பற்றியேயாகும்.

முன்பெல்லாம் ஏமாற்றுகிறவன் காவி கட்டிக்கொண்டு வந்தான். நம் இயக்கத்தின் வேலையினால் ஜனங்கள் "ஏன்? எப்படி?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். இனிக் காவி செல்லாது என்று தெரிந்ததும் அவன் பிழைப்பை விட்டுவிட்டானா? இல்லை. வேஷத்தை மாற்றிக்கொண்டான். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டான். கையில் ஒரு மெஷின் வைத்துக்கொண்டான். "நூற்றுக்கு இத்தனை பங்கு" என்று கணக்குச் சொல்லுகிறான். காவியைக் கண்டால் உஷாராகிவிடுகிற தோழர்கூட வெள்ளைக் கோட்டைக் கண்டதும் கைகட்டி நின்றுவிடுகிறார். மந்திரத்தை நம்பாதவர் கைப்பேசியில் வருகிற செய்தியை நம்பிப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார். இது பகுத்தறிவாகுமா என்பதுதான் நம் கேள்வி.

தோழர்களே! பகுத்தறிவு என்றால் ஏதோ பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மாத்திரம் உரியது என்று நினைக்காதீர்கள். உங்கள் உப்பளத்தில் தினந்தோறும் நடப்பதே பகுத்தறிவுதான். கடல் நீரைப் பாத்தியில் பாய்ச்சுகிறீர்கள். அது சுமார் 3 டிகிரியில் இருக்கிறது. வெயிலில் காயக் காய டிகிரி ஏறுகிறது. சுமார் 25 டிகிரி வந்தால் உப்பு விளைய ஆரம்பிக்கிறது. 30ஐ நெருங்கினால் மிச்சமிருக்கும் நீரை வெளியே விட்டுவிடுகிறீர்கள். விடாவிட்டால் உப்பு கசந்துபோகும். இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்ளுகிறீர்கள்? பஞ்சாங்கத்தைப் பார்த்தா? குறி கேட்டா? கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு டிகிரி பார்த்துத்தானே? முதலாளி சொன்னாலும் சரி, மேஸ்திரி சொன்னாலும் சரி, குழாய் 20 என்று காட்டினால் 20தான். பாத்தியில் இவ்வளவு கண்டிப்பாய் அளந்து பார்க்கிற நீங்கள், வீட்டுக்கு வந்தவுடன் அந்தக் குழாயை எங்கே வைத்துவிடுகிறீர்கள்?

முதலில் உப்பையே எடுத்துக்கொள்ளுவோம். குழந்தைக்குக் கண்ணேறு பட்டது என்று உப்பையும் மிளகாயையும் சுற்றி அடுப்பில் போடுகிறார்கள். படபடவென்று வெடிக்கிறது. "பார், எவ்வளவு திருஷ்டி!" என்கிறார்கள். உப்புக் கல்லுக்குள் துளித்துளியாய் நீர் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. நெருப்பில் அது ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் கல்லை உடைத்துக்கொண்டு வருகிறது. அதுதான் சத்தம். யாரையும் சுற்றாமல் ஒரு பிடி உப்பை அடுப்பில் போட்டுப் பாருங்கள், அப்போதும் வெடிக்கும். உப்புக்குத் திருஷ்டி போக்குகிற சக்தி இருக்குமானால், காலை முதல் உச்சி வரையில் உப்பிலேயே நிற்கிற உப்பளத் தொழிலாளி வீட்டிலல்லவா முதலில் கஷ்டம் தீர்ந்திருக்க வேண்டும்?

இது பழைய புரட்டு. இதே உப்பில் புதிய புரட்டைப் பாருங்கள். "இமாலய உப்பு" என்று இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் உப்பு வருகிறது. அதில் 84 தாதுக்கள் இருக்கின்றனவாம். ரத்தக் கொதிப்பு வராதாம். நீங்கள் வெயிலில் வெந்து வாருகிற உப்பைப்போலப் பல மடங்கு விலை! அது பெரும்பாலும் பாகிஸ்தானிலுள்ள கேவ்ரா என்னும் சுரங்கத்திலிருந்து வருகிறது. சுமார் 50 கோடி வருஷங்களுக்கு முன்பே அங்கேயிருந்த கடல் வற்றிப்போய் உண்டான உப்பு அது. ஆகவே அதுவும் கடலுப்பே! அதில் சிறிது இரும்புத் துரு கலந்திருப்பதால் சிவந்திருக்கிறது. மனிதரில் மேல் ஜாதி, கீழ் ஜாதி என்று கற்பித்தது போதாதென்று, இப்போது உப்பிலும் ஜாதி கற்பித்துவிட்டார்கள்.

சரி, 84 தாதுக்கள் என்கிறார்களே, டிகிரி பார்ப்போம். ஒரு மனிதன் நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேல் உப்புத் தின்னக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. அந்த உப்பில் நூற்றுக்குச் சுமார் 98 பங்கு சாதாரண உப்புத்தான். மிச்சம் 2 பங்கு என்றால், 5 கிராமில் பத்தில் ஒரு பங்கு கிராம். இந்தத் துளிக்குள்தான் எல்லாத் தாதுக்களும் அடங்க வேண்டும். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையில் கிடைக்கிற சத்துக்கு இது ஈடாகுமா? மேலும் அந்தத் தாதுப் பட்டியலில் ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்தே இருக்கின்றன. எண்ணிக்கை பெரிதாயிருந்தால் நன்மையும் பெரிது என்பது எந்த ஊர் நியாயம்? ரத்தக் கொதிப்பை ஏற்றுகிற சோடியம் வெள்ளை உப்பில் இருக்கிற மாதிரியே சிவப்பு உப்பிலும் இருக்கிறது. இதை நம்பி ஒரு நோயாளி தாராளமாய் உப்பை அள்ளிப்போட்டுக் கொண்டால், போவது அவனுடைய காசு மாத்திரமல்ல, உயிருமாகும்.

நிற்க, இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். பட்டணங்களில் ஒரு தொட்டியில் உப்புத் தண்ணீர் விட்டு, அதில் காலை வைக்கச் சொல்லி, மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பழுப்பு நிறமாகிறது. "உடம்பிலுள்ள விஷமெல்லாம் பாதத்தின் வழியாக வெளியே வந்துவிட்டது" என்று சொல்லிக் கட்டணம் வாங்குகிறார்கள். படித்தவர்கள்தான் அங்கே போய் உட்காருகிறார்கள். உப்புத் தண்ணீரில் இரும்புத் தகட்டை வைத்து மின்சாரம் விட்டால் இரும்பு துருப்பிடிக்கும், தண்ணீர் பழுக்கும். காலை எடுத்துவிட்டு மெஷினை ஓட்டினாலும் பழுக்கும். "கால் வைக்காமல் ஒரு தடவை ஓட்டிக் காட்டு" என்று ஒருவர் கேட்டிருந்தால் கடை மூடியிருக்கும். உடம்பின் கழிவை வெளியேற்ற ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. பாதத்துக்கு அந்த வேலை இல்லை.

ஆகையால் முதல் பாடம் இது: ஒரு பொருளால்தான் பலன் வந்தது என்று எவனாவது சொன்னால், அந்தப் பொருள் இல்லாமல் என்ன ஆகிறது என்று பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தை மாத்திரம் காட்டுகிறவன் புரட்டன். இரண்டு பக்கத்தையும் காட்டுகிறவன் விஞ்ஞானி.

1996இல் நம் தமிழ்நாட்டில் "மூலிகைப் பெட்ரோல்" என்று ஒரு பெரிய ஆரவாரம் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் கொதிக்கவைத்தால் பெட்ரோல் வரும் என்றார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன. "தமிழன் கண்டுபிடித்தான், பொறாமைக்காரர்கள் தடுக்கிறார்கள்" என்று இன உணர்ச்சியையும் கிளப்பினார்கள். தண்ணீர் என்பது என்ன? ஹைட்ரஜன் என்னும் வாயு எரிந்து முடிந்தால் கிடைப்பதுதான் தண்ணீர். அடுப்புச் சாம்பலை மறுபடி விறகாக எரிக்க முடியுமானால் தண்ணீரையும் எரிக்கலாம். இலையைப் போட்டுக் கொதிக்கவைத்தால் கஷாயம் வரும், பெட்ரோல் வராது. சென்னை ஐ.ஐ.டி.யில் விஞ்ஞானிகள் கட்டுப்பாட்டோடு பரிசோதித்தபோது அந்தச் சங்கதி நிலைக்கவில்லை. அதற்கப்புறம் இத்தனை வருஷமாகியும் அந்தப் பெட்ரோலில் ஒரு பேருந்தாவது ஓடுகிறதா? நம் இனத்தான் சொன்னான் என்பதற்காக ஒரு பொய் மெய்யாகிவிடாது. தமிழன் பெயரைச் சொல்லிக் கேள்வியை அடக்குவதும், கடவுள் பெயரைச் சொல்லிக் கேள்வியை அடக்குவதும் ஒரே வித்தைதான்.

இதுவரையில் சொன்னவை காசு போகிற புரட்டுகள். உயிர் போகிற புரட்டு ஒன்றைச் சொல்லுகிறோம். வரப்பிலும் கரையிலும் இருட்டில் நடக்கிறவர்கள் நீங்கள். பாம்பு கடித்தால் மந்திரிக்கப் போகிறவர்களும், விஷக்கல் வைக்கப் போகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். "பிழைத்தவர்களை நாங்கள் கண்ணாலே பார்த்தோம்" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதிக் கணக்குத்தான் சொல்லுகிறார்கள். பத்துப் பேரைப் பாம்பு கடித்தது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேரைக் கடித்தது விஷமில்லாத பாம்பு. இரண்டு பேரை விஷப்பாம்பு கடித்தும் விஷத்தை இறக்கவில்லை, அப்படியும் நடப்பதுண்டு. இந்த எட்டுப் பேரும் மந்திரித்தாலும் பிழைப்பார்கள், தெருவில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பிழைப்பார்கள். எட்டுப் பேரும் மந்திரவாதியின் கணக்கில் வரவு. செத்த இரண்டு பேர் யார் கணக்கில் பற்று? "விதி", "நேரங்கழித்து வந்தார்கள்" என்று தலையெழுத்தின் கணக்கில்! இப்படிக் கணக்கெழுதினால் எந்தத் தொழிலும் நஷ்டப்படாது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் சுமார் 12 லட்சம் பேர், அதாவது வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் மாண்டார்கள் என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. பெரும்பாலோர் கிராமத்தார். இந்த விஷத்துக்கு மருந்து இல்லையா? இருக்கிறது. 1890களிலேயே கால்மெத் என்னும் பிரெஞ்சு மருத்துவர் விஷமுறிவு மருந்தைக் கண்டார். விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது அது. அதற்கு வேண்டிய விஷத்தைச் சேகரிக்கிறவர்கள் யார் தெரியுமா? இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மாமல்லபுரத்துக்கு அருகில் வடநெம்மேலியில், 1978இல் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஊர் தள்ளி வைத்த இருளருடைய கைத்திறமையால் நாடு முழுவதும் உயிர்கள் பிழைக்கின்றன. அந்த மருந்து அரசாங்க மருத்துவமனையில் இலவசமாய்க் கிடைக்கும்போது, மந்திரித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தை வீணாக்குவது கொலைக்கு ஒப்பாகாதா?

கடைசியாக, உங்களுக்குச் சிறிது கசப்பாயிருக்கக்கூடிய ஒரு விஷயம். "அயோடின் கலந்த உப்பு வெளிநாட்டான் சதி, அது விஷம், கடலுப்பிலேயே அயோடின் இருக்கிறது" என்று ஒரு பேச்சு நடமாடுகிறது. கடலுப்பு நம் ஊர் உப்பு. அதைப் புகழ்ந்தால் இங்கே கைதட்டல் கிடைக்கும். ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டியிருக்கிறது. கடல் நீரில் அயோடின் மிகச் சொற்பமாய் இருக்கிறது. உப்பு விளையும்போது அது உப்போடு அநேகமாய் வருவதில்லை. ஆகவே அதைத் தனியே தெளித்துத்தான் சேர்க்க வேண்டும். மனிதனுக்கு வேண்டியதும் துளியளவுதான். 70 வருஷம் வாழ்கிறவனுக்கு மொத்தமாய் 4 கிராமுக்கும் குறைவு. அந்தத் துளி இல்லாவிட்டால் கழுத்தில் கழலை வரும். கர்ப்பிணிக்குக் குறைந்தால் பிறக்கிற குழந்தையின் அறிவு வளர்ச்சியே கெடும்.

இதை யாரோ சொன்னார்கள் என்று நம்பச் சொல்லவில்லை. இன்றைய இமாசலப் பிரதேசத்திலுள்ள காங்கிரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை அதிகம். அங்கே 1956இல் டாக்டர் இராமலிங்கசுவாமியும் அவருடைய தோழர்களும் என்ன செய்தார்கள்? பள்ளத்தாக்கை மூன்று பகுதியாய்ப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் உப்பு. ஒரு பகுதிக்கு வெறும் உப்பு. சில வருஷங்கள் கழித்துப் பார்த்தார்கள். அயோடின் போன இரண்டு இடங்களிலும் கழலை வெகுவாய்க் குறைந்தது. வெறும் உப்புப் போன இடத்தில் அப்படிக் குறையவில்லை. பிறகு அங்கேயும் அயோடின் உப்பைக் கொடுத்தார்கள். 1962இல் சர்க்கார் அதை நாட்டுத் திட்டமாக்கியது. பார்த்தீர்களா, தோழர்களே! கால் வைத்தும் வைக்காமலும் தொட்டியை ஓட்டிப் பார் என்று நாம் சொன்னதும் இதுவேதான். புரட்டன் செய்ய மறுக்கிற பரிசோதனையை விஞ்ஞானி தானே முன்வந்து செய்கிறான்.

எதையும் சந்தேகி என்று நாம் சொல்லுகிறோம். ஆனால் சந்தேகிப்பது வேறு, அளந்து பாராமல் மறுப்பது வேறு. அளந்து பாராமல் நம்புகிறவனும், அளந்து பாராமல் மறுக்கிறவனும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான்.

ஆகவே தாய்மார்களே! தோழர்களே! நாளை ஒருவன் மருந்தோ, மெஷினோ, உப்போ கொண்டுவந்தால், நாலு கேள்வி கேளுங்கள். எவ்வளவு இருக்கிறது? அது இல்லாமல் என்ன ஆகும்? பலன் அடையாதவர்களின் கணக்கு எங்கே? இதனால் உனக்கு என்ன லாபம்? நேராய்ப் பதில் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கோபித்துக்கொண்டு, "நம்பிக்கை வேண்டும்" என்றால், காவி கட்டியவனுக்குச் சொன்ன பதிலையே அவனுக்கும் சொல்லி அனுப்புங்கள். நாம் சொன்னதையும் இதே கேள்விகளில் போட்டுப் பாருங்கள். சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.